மணமகள் அறையில் ஓர் அஞ்சறைப்பெட்டி

"கையைத் திருப்பு கண்ணு. ம்... கட்டை வெரலு."

டிக் என்று நகவெட்டி ஒரு முறை பேசுகிறது. அமலி டீச்சர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வரிசையில் நிற்கிற பெண்ணின் முகமெல்லாம் அவருக்குக் கடைசியில்தான். முதலில் நகம், பிறகு காது, மூக்கு, கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால், ஷூ லேஸ். இந்த வரிசையை அவர் மாற்றி யாரும் பார்த்ததில்லை. ஷூ லேஸ் வரை போய்விட்டு, எல்லாம் சரி என்றால், அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. "போ அம்மணி, போய் நல்லா ஆடு."

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். பள்ளிகளுக்கு இடையிலான மண்டல மல்யுத்தப் போட்டிக்கு இரண்டு நாள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பந்திக் கூடத்தில் மேட் விரித்தாயிற்று. மணமகன் அறையில் எடை பார்க்கிறார்கள். பெண்களுக்கான சோதனை மணமகள் அறையில். சுவர் அளவுக்கு நிலைக்கண்ணாடி, அதன் ஓரத்தில் எந்தெந்தக் கல்யாணத்திலோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். எத்தனையோ பெண்கள் நகை பூட்டிக்கொண்ட அந்த அறையில், வருகிற பெண்களின் நகையையெல்லாம் கழற்றுகிற வேலை டீச்சருக்கு.

ஐம்பத்தொரு வயது. போத்தனூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சுடிதாருக்கு மேல் டீ-ஷர்ட், கழுத்தில் ஒருபோதும் ஊதாத விசில். போட்டிக் குழு அவருக்குக் கொடுத்திருக்கிற பதவி 'உபகரணச் சோதனை அலுவலர்'. பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் 'நகவெட்டி டீச்சர்'. இரண்டாவதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது; முதலாவதைச் சொன்னால் கரண்டு ஆபீஸிலிருந்து வந்தவர் போல இருக்கிறதாம்.

மல்யுத்தத்தில் எது கூடும், எது கூடாது என்று ஒரு புத்தகம் உண்டு. டீச்சரின் புத்தகத்தைக் கீழே போட்டால் அது தானாகவே உடைகள் பற்றிய பக்கத்தில்தான் திறக்கும். உடம்பில் உலோகம் கூடாது. தலையில் ஊக்கு, கிளிப் கூடாது. ஷூவுக்குக் குதிகால், பக்கிள் கூடாது. லேஸ் மேல் டேப் சுற்றியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெய் கூடாது, பிடி வழுக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு கைக்குட்டை இருந்தாக வேண்டும், ரத்தமோ வியர்வையோ துடைக்க. எண்ணெய் விஷயத்தில் தாய்மார்களோடு டீச்சருக்குத் தீராத வம்பு. போட்டி நாள் என்றாலே மகளுக்கு உச்சந்தலை குளிர எண்ணெய் வைத்து அனுப்புகிறவர்கள் அவர்கள். கைப்பையில் வேறு ஒரு பாட்டில். காலையில் பறிமுதல் செய்த எண்ணெய் பாட்டில்கள் மேசைக்கு அடியில் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டோடு.

சில நாள் பையன்களும் அவர் தலையில் விழுவார்கள். தாடி என்றால் பல மாதம் வளர்ந்த தாடியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மழுமழுவென்று இருக்கவேண்டும். நடுவில் முள்முள்ளாக இருந்தால் எதிராளியின் முகத்தைக் கீறும். சென்ற வருடம் கிருபாசங்கர் என்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பையன் மோவாயில் பதினான்கு முடியோடு வந்து நின்றான். டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது தாடிங்களா தம்பி, இல்ல மூஞ்சி கழுவ மறந்துட்டீங்களா?"

பையன் எதிரில் இருந்த சலூனுக்கு ஓடினான். ஜெயித்தும் விட்டான். அந்தப் பதினான்கு முடிக்காக இன்னும் அவன் டீச்சரை மன்னிக்கவில்லை என்று கேள்வி.

இத்தனை கறாராக இருக்கிறாரே, பின்னால் ஏதோ கதை இருக்கும், எப்போதோ ஒரு பிள்ளைக்குக் கண்ணில் கம்மல் குத்தியிருக்கும் என்று பலர் நைசாக விசாரித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒன்றுமே இல்லை. "புத்தகத்துல எழுதியிருக்குதுங்க, அதனால பாக்கறேனுங்க. கண்ணு போன பொறவுதான் பாக்கோணுமா?" என்பார். கேட்டவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவார்கள்.

கயிறு விஷயம் தனி. நம் பக்கத்துப் பிள்ளைகள் உடம்பில் கயிறு இல்லாத இடம் குறைவு. மருதமலைக் கயிறு, மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறு, தர்கா கயிறு, கண்ணேறு படாமலிருக்கக் கணுக்காலில் கறுப்புக் கயிறு. வேறு அலுவலர்கள் என்றால் கத்திரிக்கோலை எடுத்துவிடுவார்கள். அமலி டீச்சர் எந்தக் கயிற்றையும் அறுத்ததில்லை. "அறுக்க மாட்டேன் கண்ணு, அவுத்துத் தாரேன்" என்று ஒரு குரோஷா ஊசியை எடுத்து, வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கிற முடிச்சைக் கிளறிக் கிளறிப் பிரிப்பார். பிரிக்கும்போதே எத்தனை முடிச்சு என்று எண்ணிக்கொள்வார். ஆட்டம் முடிந்து திரும்பக் கட்டும்போது அதே எண்ணிக்கையில் முடிச்சு விழும். "உங்கம்மா மூணு போட்டிருந்தாங்க. மூணுதான் போடோணும்."

கழற்றியதையெல்லாம் போட்டுவைக்க அவர் கொண்டுவருவது வீட்டு அஞ்சறைப்பெட்டி. எவர்சில்வர், ஏழு கிண்ணம். எத்தனை தேய்த்தாலும் சீரக வாசம் போவதில்லை. அவரிடம் கொடுத்து வாங்கிய கம்மலில் இரண்டு நாளைக்கு ரசம் மணக்கும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு பெண், மேலே ஒரு பெயர்ச் சீட்டு. நடுக்கிண்ணத்தில் மட்டும் அவருடைய சொந்தக் கல்யாண மோதிரம். காலையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிப் போட்டுவிடுவார். தான் மோதிரத்தோடு உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் கயிற்றை அவிழ்க்கச் சொல்வது நியாயமில்லையாம்.

திருப்பித் தருவதிலும் ஒரு முறை உண்டு. தோற்ற பிள்ளைக்குத்தான் முதலில். ஜெயித்தவளுக்கு அப்புறம். தன் மோதிரம் கடைசி. "ஜெயிச்சவளுக்கு என்னங்க அவசரம்? அவ போட்டோ எடுத்துட்டு நிப்பா. தோத்த புள்ளைக்குத்தான் சட்டுனு ஊட்டுக்குப் போகோணும்னு இருக்கும்" என்பது அவர் விளக்கம். இது புத்தகத்தில் இல்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது.

வீட்டிலும் சர்ச்சிலும் இந்தக் கண் ஓய்வதில்லை. பூசையில் நற்கருணை வாங்க நீளும் கைகளில் யார் நகம் வளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது கணவரிடம் பெயர் சொல்லியே சொல்வார். கணவர் சத்தியசீலன் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. "ஊட்டுக்குள்ள வரும்போது நானே கைய நீட்டிட்டுத்தானுங்க வாரேன்" என்று நண்பர்களிடம் புலம்புவார். பெல்ட்டின் பக்கிளைப் பற்றி மட்டும் இன்னும் சமரசம் ஆகவில்லை.

இப்படிப்பட்டவரின் சொந்தப் பள்ளியில் ஒரு மேட் கிடையாது என்பதுதான் வேடிக்கை. இருபது பெண்கள் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சேர்த்துத் தைத்து, மேலே தார்ப்பாய் விரித்துப் பயிற்சி செய்கிறார்கள். புரண்டு எழுந்தால் தலையெல்லாம் பஞ்சு. நான்கு வருடமாக மனு எழுதிப் பார்த்துவிட்டார். தாளாளர் சைமன் சார் நல்ல மனிதர், ஆனால் கணக்கான மனிதர். "ஒரே ஒரு புள்ள ஸ்டேட்டுக்குப் போகட்டும் டீச்சர். மறு வாரமே புது மேட் வந்து எறங்கும்" என்று சொல்லியிருந்தார்.

அந்த ஒரு பிள்ளை டீனா. பதினொன்றாம் வகுப்பு, பசி எடுத்தால் மட்டும் கோபம் வரும், மற்ற நேரமெல்லாம் சிரிப்பு. இன்றைக்கு அவள் எடைப் பிரிவில் மொத்தமே இரண்டு பேர்தான். எனவே நேராக இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவள் மாநிலப் போட்டிக்கு. தன் பள்ளிப் பிள்ளை ஆடும்போது டீச்சர் மேட் பக்கமே திரும்புவதில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். சோதனை அலுவலர் கத்தக்கூடாது, பார்த்தால் கத்திவிடுவார், அதற்காக. டீனாவுக்குத் துணையாக மேட் ஓரத்தில் உட்காரப்போவது உடன் வந்திருக்கும் இளைய ஆசிரியை இல்மா.

எதிராளி சூலூர்ப் பெண் ரித்திகா. காலைச் சோதனையில் அவள் மூக்கில் சின்னதாக ஒரு தங்க மூக்குத்தி. "ஆட்டத்துக்கு முன்னாடி கழட்டிர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், இறுதி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டே ஆட்டம் பாக்கி இருக்கும்போது, தக்காளியாகச் சிவந்த மூக்கோடு திரும்பி வந்தாள். பின்னால் அவள் அம்மா தெய்வாத்தாள். விசைத்தறி ஓட்டுகிறவர்; காலை ஷிப்டை முடித்துக்கொண்டு நேராக பஸ் ஏறியிருந்தார். சேலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வர மாட்டீங்குதுங்க டீச்சர்," என்றாள் ரித்திகா.

தெய்வாத்தாள்தான் விவரம் சொன்னார். "தப்பு எம்மேலதானுங்க. புள்ள மேட்டுல கெடந்து உருளுது, பொரளுது. எங்காச்சும் கழண்டு உளுந்துபோட்டா தங்கம் போச்சே. அதனால ஆசாரிகிட்ட நாந்தான் சொன்னேனுங்க, திருகாணிய நல்லா முடுக்கியுடுங்கன்னு. பத்து வருசத்துக்கு அசையாதுன்னாரு. அசைய மாட்டீங்குது."

மல்யுத்தம் ஆடுகிற பெண் என்பதற்காகவே கழற்ற முடியாதபடி மூக்குத்தி முடுக்கிய தாயை டீச்சர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். சிரிப்பு வந்தது. நேரம் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"மேல ஒரு பிளாஸ்திரி ஒட்டியுட்டா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. பிளாஸ்திரிக்குள்ளாறயும் மூக்குத்திதானுங்களே இருக்குது."

"புடிச்சு இழுத்தர்றேங்க டீச்சர், வந்துரும்," என்று ரித்திகா மூக்கில் கை வைத்தாள். டீச்சர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

அதுவரை பணிவாக நின்ற தெய்வாத்தாளுக்குச் சட்டென்று முகம் மாறியது. "ஏனுங்க, எதுத்தாப்புல ஆடறது உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளையாமா? இந்த மூக்குத்தியச் சாக்கு வெச்சு உங்க புள்ளைய மேல அனுப்பறதுக்குப் பாக்கறீங்களாக்கும்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. பொய்யென்றால் இவ்வளவு வலித்திருக்காது. ரித்திகா சிவந்த மூக்கோடு வாசலில் வந்து நின்ற அந்த ஒரு கணம், பள்ளி முற்றத்தில் லாரியிலிருந்து நீல நிறத்தில் ஒரு புது மேட் இறங்குவது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. புது ரப்பர் வாசனைகூட வந்துபோனது. தன்மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். சட்டமே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மூன்று முறை பெயர் கூப்பிடுவார்கள், அரை நிமிட இடைவெளியில். மூன்றாவது அழைப்புக்கும் மேட்டில் வந்து நிற்காவிட்டால் ரித்திகாவுக்குத் தோல்வி, டீனாவுக்கு வாக்கோவர், ஆடாமலே வெற்றி.

இல்மா வாசலில் எட்டிப் பார்த்தார். நிலைமை ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர்... அவங்க வரலைன்னா நமக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இல்மா, கேட்டுக்கு வெளிய கரும்புச்சாறு வண்டி நிக்குது. ஒரு துண்டு ஐஸ் வாங்கிட்டு ஓடியா."

"ஐஸா?"

"ஓடும்மா!"

இல்மா ஓடினார். டீச்சர் மேசைக்கு அடியில் குனிந்தார். தான் பறிமுதல் செய்த எண்ணெய் பாட்டில்களில் ஒன்றை எடுத்து, பெயர்ச் சீட்டைப் பார்த்தார். ரித்திகாவின் பெயர்; காலையில் தெய்வாத்தாள் மகள் பையில் வைத்து அனுப்பியது. "உங்க எண்ணெதானுங்க. கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறந்தார்.

இல்மா ஐஸைக் கொடுத்துவிட்டு மேட் ஓரத்துக்குப் போனார். அதை மூக்கின் மேல் வைத்ததும் வீக்கம் சற்று வடிந்தது. உள்பக்கம் திருகாணியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். இடுக்கியின் முனை குத்தாமல் இருக்க, லேஸுக்குச் சுற்றுகிற டேப்பையே அதன் நுனியில் சுற்றி, உள்ளே திருகாணியைப் பிடித்துக்கொண்டார். வெளிப்பக்கம் மூக்குத்தியைத் திருப்ப வேண்டும். அது எண்ணெயில் வழுக்கியது. இரண்டு தரம், மூன்று தரம். விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை.

வெளியே ஒலிபெருக்கி அழைத்தது. "சிவப்பு, போத்தனூர் டீனா! நீலம், சூலூர் ரித்திகா! முதல் அழைப்பு!"

டீனா மேட்டுக்குப் போகிற வழியில் அறைக்குள் தலையை நீட்டினாள். "டீச்சர், சீக்கிரம் கழட்டுங்க. எடை பாத்ததுலர்ந்து ரெண்டே ரெண்டு வாழப்பழந்தானுங்க தின்னிருக்கேன். ஆடிப்போட்டுச் சாப்பாட்டுக்குப் போகோணும்."

வலியில் கண் கலங்கியிருந்த ரித்திகாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "சிரிக்காத கண்ணு! மூக்கு ஆடுது!" என்று டீச்சர் அதட்டினார். டீனா ஓடிவிட்டாள்.

தெய்வாத்தாள் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றவர், டீச்சரின் விரல் நாலாம் தரம் வழுக்குவதைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, இடுப்பில் செருகியிருந்த நூலை உருவினார். தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவதற்காக எந்நேரமும் அவர் இடுப்பில் இருக்கிற நூல்.

"நீங்க உள்ளாற கெட்டியாப் புடிச்சுக்கங்க டீச்சர். அசைய உடாதீங்க."

மூக்குத்தியின் கழுத்தில், பூவுக்கும் தோலுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியில், நூலை நான்கு சுற்று சுற்றினார். பஞ்சு நூல், எண்ணெயைக் குடித்துக் கவ்விக்கொண்டது. பம்பரத்துச் சாட்டையை இழுப்பது போல மெதுவாக இழுத்தார்.

"இரண்டாம் அழைப்பு!"

மூக்குத்தி கால் சுற்று திரும்பியது. மறுபடி சுற்றி, மறுபடி இழுத்தார். அரைச் சுற்று. அதன் பிறகு பத்து வருடத்துக்கு அசையாத திருகாணி சமர்த்தாகக் கழன்று டீச்சரின் உள்ளங்கையில் விழுந்தது. டீச்சரும் தெய்வாத்தாளும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ரித்திகா வாசலுக்குப் பாய்ந்தாள்.

"நில்லு!" என்றார் டீச்சர்.

மூக்கில் எண்ணெய் இருக்கிறதே! ரித்திகாவின் கைக்குட்டையை வாங்கி மூக்கை அழுத்தித் துடைத்தார். உள்ளே ஒரு தரம், வெளியே இரண்டு தரம். விரலால் தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். சரி. இப்போது கைக்குட்டை எண்ணெய்க் கைக்குட்டை ஆகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏற முடியாது. டீச்சர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தன் பையிலிருந்து இஸ்திரி போட்டு நான்காக மடித்த சொந்தக் கைக்குட்டையை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"ஓடு அம்மணி!"

"மூன்றாவது..." என்று ஒலிபெருக்கி தொடங்கியபோது ரித்திகாவின் கால் மேட்டில் பட்டது.

மணமகள் அறையில் இருவர் மிச்சம். டீச்சர் மூக்குத்தியையும் திருகாணியையும் துடைத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, சீட்டு வைத்து, பெட்டியை மூடினார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு மேட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தெய்வாத்தாள் இன்னொரு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டார்.

"நீங்க போய்ப் பாருங்க," என்றார் டீச்சர்.

"எனக்கு நெஞ்சு தாங்காதுங்க. எப்பவுமே பாக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, "நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுங்க டீச்சர்" என்றார். "கயித்துக்கெல்லாம் முடிச்சு எண்ணறீங்களாமா, தோத்தவங்களுக்குத்தான் மொதல்ல தருவீங்களாமா. ரித்திகா சொன்னா. அத நெனச்சுப் பாக்காம வாய உட்டுப்போட்டேன்."

"பெத்தவங்க பேசாம வேற யாருங்க பேசுவாங்க," என்றார் டீச்சர்.

கூடத்தில் இல்மாவின் குரல் தனியாகக் கேட்டது. "காலப் புடி டீனா! காலப் புடி!" கைதட்டல். போத்தனூர்ப் பக்கம் கத்தினார்கள், பிறகு சூலூர்ப் பக்கம் கத்தினார்கள். தெய்வாத்தாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் நகவெட்டியை எடுத்து, ஏற்கெனவே ஒட்ட வெட்டியிருந்த தன் நகத்தை மறுபடி வெட்டினார். மேசைமேல் அவருடைய செல்போன் அதிர்ந்தது. சைமன் சார். அது அதிர்ந்து அதிர்ந்து தானாக ஓய்ந்தது.

விசில். பெரிய ஆரவாரம். ஒலிபெருக்கி எதையோ அறிவித்தது. டீச்சர் அதைக் கேட்டார்; நகவெட்டியை மடக்கி வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள். இருவருக்கும் ஒரே மாதிரி வியர்வை, ஒரே மாதிரி கலைந்த தலை, ஒரே மாதிரி மூச்சிரைப்பு. டீனா ரித்திகாவின் தோளில் கை போட்டிருந்தாள். ரித்திகா அழுதிருந்தாள், எதற்கான அழுகை என்று சொல்ல முடியவில்லை. தெய்வாத்தாள் காதிலிருந்து கையை எடுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருங்க டீச்சர்? யாரு?"

அமலி டீச்சர் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார். சீரக வாசம் எழுந்தது. அவர் விரல் மூக்குத்திக் கிண்ணத்தைத் தாண்டியது, மோதிரக் கிண்ணத்தையும் தாண்டியது. மாதா சுரூபம் கோத்த நீலக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து, டீனாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, "உங்கம்மா நாலு முடிச்சுத்தான கண்ணு போட்டிருந்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே முதல் முடிச்சைப் போட ஆரம்பித்தார்.